வேதபாடத் திரையில் தமிழ் வசனம் கேள்விக்குறியாக வருகிறது

ஸ்தோத்திரம். சபை வேதபாடத்துக்கு, வசனங்களைத் திரையில் காட்டும் ஓப்பன்எல்பி மென்பொருளை நிறுவியிருக்கிறோம். தமிழ் வேதாகமத்தை சி.எஸ்.வி. கோப்பாக (காற்புள்ளியால் பிரித்த அட்டவணைக் கோப்பு) ஏற்றினால் வெறும் ???? தெரிகிறது. என்ன செய்யலாம்?

பதில் 1: எக்செலில் சாதாரண சி.எஸ்.வி.யாகச் சேமித்திருப்பீர்கள். தமிழ் எழுத்து அங்கேயே அழிந்துவிடும், அந்தக் கோப்பை மீட்க முடியாது. மூலத்தைத் திறந்து ‘சி.எஸ்.வி. யூடிஎஃப்-8’ என்று சேமியுங்கள். புத்தகப் பெயர்களுக்கு ஒன்று, வசனங்களுக்கு ஒன்று என இரண்டு கோப்பு வேண்டும். வசனத்தில் காற்புள்ளி வருமே, அதனால் இரட்டை மேற்கோளுக்குள் வையுங்கள். இல்லையேல் வசனம் பாதியில் அறுந்துவிடும்.

பதில் 2: மூலம் பாமினி எழுத்துருவா (யூனிகோடு அல்லாத பழைய தமிழ் எழுத்துரு) என்றும் பாருங்கள். அப்படியானால் முதலில் யூனிகோடாக மாற்றவேண்டும். மாற்றாவிட்டால் சொல்தேடல் நடக்கவே நடக்காது.

பதில் 3: சபையார் கைபேசியில் யூவெர்ஷன் வேதாகமச் செயலி வைத்திருந்தால், திரையில் வரும் அதே மொழிபெயர்ப்பை வீட்டிலேயே பதிவிறக்கச் சொல்லுங்கள். சில மொழிபெயர்ப்புகள் இணையமின்றித் திறக்காது.