நாலரை ஸ்டார் பிளான் எடுத்தா போதுமா?

கேள்வி: அண்ணா, டல்லாஸ் வந்து ரெண்டு வாரம் ஆச்சு. கம்பெனில மூணு ஹெல்த் பிளான் குடுத்து 30 நாளுக்குள்ள தேர்ந்தெடுக்கச் சொல்றாங்க. ஒண்ணுக்கு மட்டும் நாலரை ஸ்டார். கண்ணை மூடிட்டு அதையே எடுத்துடலாமா?

பதில்: தம்பி, முதல்ல அந்த 30 நாளை விட்டுடாதீங்க. விட்டா அடுத்த ஓப்பன் என்ரோல்மென்ட் (வருஷத்துக்கு ஒரு தடவை பிளான் எடுக்க விடற சமயம்) வரைக்கும் காத்துக் கிடக்கணும். டிடக்டிபிள் (பிளான் குடுக்கறதுக்கு முன்னாடி நம்ம கைக்காசு போடற தொகை), நெட்வொர்க் (பிளானோட ஒப்பந்தம் போட்ட டாக்டர், ஆஸ்பத்திரிங்க) பத்தியெல்லாம் இங்க நிறைய பேர் எழுதியாச்சு. நான் ஸ்டாருக்கு வர்றேன்.

எத்தனை மெம்பருக்கு சுகர், பிரஷர் கட்டுக்குள்ள இருக்கு, ஸ்கிரீனிங் (நோய் இருக்கான்னு முன்கூட்டியே பாக்கற டெஸ்ட்) ஒழுங்கா நடந்துச்சா, மெம்பர்கள் என்ன சொல்றாங்க, இதையெல்லாம் கூட்டிப் போடற சராசரிதான் அது. யாருக்கு நல்லா நடந்துச்சு, யாரு விடுபட்டாங்கன்னு அதுல தெரியாது. 2006ல ‘ஜாமா’ங்கற மருத்துவ இதழ்ல ஒரு ஆய்வு வந்துச்சு. 151 மெடிகேர் (முக்கியமா 65 வயசு தாண்டினவங்களுக்கான அரசு இன்ஷூரன்ஸ்) பிளான்களைப் பாத்தாங்க. வெள்ளைக்காரங்களைவிட கறுப்பினத்தவருக்கு சுகர், பிரஷர், கொலஸ்ட்ரால் எல்லாமே கட்டுக்குள்ள இருந்தது குறைவு. மட்டமான பிளான்ல போய் மாட்டிக்கிட்டாங்கன்னு நினைப்போம். அதுதான் இல்லை. அந்த வித்தியாசத்துல 70 சதவீதத்துக்கு மேல ஒரே பிளானுக்குள்ளயே இருந்துச்சு. கார்டு ஒண்ணு, கவனிப்பு வேற. மொத்தத்துல நல்ல மார்க் வாங்கின பிளான்ல இந்த இடைவெளி குறைவுன்னும் சொல்ல முடியல.

நம்ம பிரச்சினை கொஞ்சம் வேற மாதிரி. ‘ஏஷியன்’ங்கற ஒரே கட்டத்துல சீனர், கொரியர், பிலிப்பினோ, நாம எல்லாரும் அடக்கம். சேத்துப் பாத்தா நம்பர் அழகா இருக்கும். தெற்காசியருக்கு சுகரும் இதய நோயும் சின்ன வயசுலயே வர்றது அதுல அமுங்கிப் போயிடும். அஞ்சடி ஏழு அங்குலம், 68 கிலோ ஆளை எடுத்துக்குங்க. பி.எம்.ஐ. (உயரத்தையும் எடையையும் வச்சுப் போடற கணக்கு) 23.5. கிளினிக் கம்ப்யூட்டர்ல ‘நார்மல்’னு வரும், டாக்டரும் அடுத்த விஷயத்துக்குப் போயிடுவார். ஆனா அமெரிக்க நீரிழிவு சங்கம் ஏஷியன்களுக்கு பி.எம்.ஐ. 23லயே சுகர் டெஸ்ட் பத்தி யோசிக்கச் சொல்லி 2015லயே மாத்தியாச்சு. 2018 கொலஸ்ட்ரால் வழிகாட்டுதல் தெற்காசிய வம்சாவளியையே ரிஸ்க்கைக் கூட்டற காரணமா சேத்திருக்கு.

அதனால முதல் விசிட்லயே, கூச்சப்படாம, “நான் சவுத் ஏஷியன், அப்பாவுக்கு சுகர் இருக்கு, ஏ1சி, கொலஸ்ட்ரால் ரெண்டும் பாத்துடலாமா”ன்னு கேளுங்க. ஏ1சிங்கறது மூணு மாச சுகர் சராசரியைக் காட்டற ரத்த டெஸ்ட். வருஷாந்திர செக்கப் நெட்வொர்க் டாக்டர்கிட்ட இலவசம்தான். ஆனா 35 வயசுக்குக் கீழன்னா ஏ1சிக்கு தனி பில் வர வாய்ப்பிருக்கு. பிளானுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுட்டு ரத்தம் குடுங்க.

கேள்வி: ஃபார்ம்ல இனம், மொழியெல்லாம் கேக்கறாங்களே? நிரப்பினா பிரீமியம் ஏத்திட மாட்டாங்களா?

பதில்: மாட்டாங்க, இனத்தை வச்சு பிரீமியம் போட சட்டத்துல இடமில்லை. நிரப்புங்க. உள்பிரிவு இருந்தா ‘ஏஷியன் இந்தியன்’னு போடுங்க. பிளான்களுக்கு தரச்சான்று குடுக்கற என்.சி.க்யூ.ஏ. அமைப்பு 2022லதான் சில அளவீடுகளை இனவாரியா பிரிச்சுக் குடுக்கணும்னு கேக்க ஆரம்பிச்சது. நாம காலியா விட்டா எதை வச்சுப் பிரிப்பாங்க?

மொழி கட்டத்துல உங்களுக்கு இங்கிலீஷ் போட்டுக்கலாம். அம்மா அப்பா வந்தா அவங்களுக்குத் தமிழ்னு சொல்லுங்க. உங்க பிளான் அவங்களுக்குச் செல்லாது, விசிட்டர் இன்ஷூரன்ஸ் தனியா வாங்கணும். ஆனா மத்திய அரசுப் பணம் வாங்கற ஆஸ்பத்திரி எதுவா இருந்தாலும் மொழிபெயர்ப்பாளரை இலவசமா ஏற்பாடு பண்ணணும், ‘ஒபாமாகேர்’னு சொல்ற 2010 சட்டத்தோட 1557வது பிரிவு அது. அம்மா தன் உடம்பு உபாதையை மகன் வழியா சொல்லும்போது பாதியை முழுங்கிடுவாங்க. போன்லயே தமிழ் பேசறவங்களைப் பிடிச்சுக் குடுப்பாங்க, ஆனா அப்பாயின்ட்மென்ட் போடும்போதே சொல்லிடுங்க. அன்னைக்குப் போய் நின்னு கேட்டா ஸ்பானிஷ் ஆளுதான் ரெடியா இருப்பார்.