சின்ன நாடுகளின் றக்பி லீக் ஆட்டம்: ஊரில் வைப்பதா, சிட்னியில் வைப்பதா?

மாமாங்கத்தான் (மட்டக்களப்பு)

சிட்னியில் இருக்கிற அக்காவின் மகன் றக்பி லீக் ஆடுகிறான். அவன் அனுப்புகிற காணொளிகளால் எனக்கும் பித்துப் பிடித்துவிட்டது. தெரியாதவர்களுக்கு: கண்டியிலும் கொழும்பிலும் பள்ளிக்கூடங்கள் ஆடுவது றக்பி யூனியன், பதினைந்து பேர். இது பதின்மூன்று பேர். பந்தோடு வருகிற அணியை ஆறு தடவை மடக்கிவிட்டால் பந்து மற்றப் பக்கம் போய்விடும். குவியலாக விழுந்து கிடப்பது குறைவு, ஓட்டம் கூட.

விஷயம் இதுதான். 2026 ஒக்டோபர், நவம்பர் உலகக் கிண்ணத்துக்கு ஆண்கள் பிரிவில் பத்து அணிகள்தான். 2022 இல் இங்கிலாந்தில் பதினாறு அணிகள் ஆடின. கிறீஸ், ஜமைக்கா, இத்தாலி, ஸ்கொட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து ஆறும் இப்போது வெளியே. அதைக்கூட விடுவோம். சின்ன நாட்டின் ஆட்டத்தை ஏதாவதொரு பெரிய நாட்டு மைதானத்தில் வைத்துவிட்டு, வாய்ப்புக் கொடுத்துவிட்டோம் என்று சொல்வதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. 2017 இல் பப்புவா நியூகினியின் மூன்று குழுநிலை ஆட்டங்களும் போர்ட் மொரெஸ்பியில் நடந்தன. வேல்ஸ், அயர்லாந்து, அமெரிக்கா மூன்றையும் வென்றார்கள். 2019 இல் அதே ஊரில் பெரிய பிரித்தானியா 28-10 என்று தோற்றுப்போய்த் திரும்பியது. சொந்தச் சனம் சுற்றி நின்றால் இப்படித்தான் நடக்கும். சின்ன நாடுகளின் ஆட்டம் அவர்களின் மண்ணிலேயே நடக்கவேண்டும் என்பது என் கட்சி. மற்றவர்கள் சொல்லுங்கள்.

சாய்ந்தமருதுக் கணக்கர்

தம்பி, நல்லாத்தான் எழுதியிருக்கிறீங்க. காசுக் கணக்கை மட்டும் விட்டுட்டீங்க.

முதலில், பப்புவா நியூகினியை உதாரணம் காட்டுவதே பொருந்தாது. அங்கே றக்பி லீக்தான் தேசிய விளையாட்டு மாதிரி. 2028 இல் அவுஸ்திரேலியாவின் என்.ஆர்.எல். கழகத் தொடரில் அவர்களின் அணி ஒன்று சேரப்போகிறது. அதற்கு அவுஸ்திரேலிய அரசு பத்து வருடத்தில் 600 மில்லியன் டொலர் போடுகிறது. பந்தின் மேல் உள்ள பாசத்தில் மட்டும் போடுகிற காசு இல்லை அது. பசிபிக்கில் சீனா காலூன்றுவதைத் தடுக்கிற செலவும் அதற்குள் இருக்கிறது. ஜமைக்காவுக்கு அப்படி யார் போடப்போகிறார்கள்?

இரண்டாவது, புதிய இடங்களில் வைக்கப்போய் என்ன நடந்தது என்று பாருங்கள். 2025 உலகக் கிண்ணத்தை முதலில் அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் கொடுத்தார்கள். 2018 கடைசியில் அது கைவிட்டுப் போனது. பிறகு பிரான்ஸ் எடுத்தது. 2023 இல், பணத்துக்கு அரசு பிணை நிற்காததால் பிரான்சும் விலகியது. 2025 போட்டி 2026 க்குத் தள்ளிப்போன கதை இதுதான். 2018 இல் டென்வரில் இங்கிலாந்தும் நியூசிலாந்தும் ஒரு ஆட்டம் ஆடின. 19 ஆயிரத்துக்கு மேல் சனம் வந்தது. படத்தில் பார்த்தால் பெருவெற்றி. ஆனால் ஏற்பாட்டாளர் கொடுக்கவேண்டிய பணம் ஒழுங்காக வந்து சேரவில்லை என்று சங்கங்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றன.

விமானச் சீட்டு, தங்குமிடம், நடுவர், மருத்துவர், எல்லாவற்றுக்கும் மேலே காப்புறுதி. கழகத்துக்கு ஆடுகிற பெடியன் உங்கள் 'சொந்த மண்ணில்' முழங்காலை முறித்துக்கொண்டால் அந்த வருடச் சம்பளம் யார் தலையில்?

பீ.ரி. மாஸ்டர் (திருக்கோவில்)

இரண்டு பேரும் ஆகாயத்தில் நிற்கிறீர்கள். மைதானத்தைப் பற்றி யாரும் பேசவில்லை.

எங்கள் பக்கத்து மைதானங்களின் நடுவில் என்ன இருக்கிறது? கிரிக்கெட்டுக்குப் போட்ட கொங்கிறீட் ஆடுகளம். மேலே விரிக்கிற பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள், கொங்கிறீட் அங்கேயே கிடக்கும். உதைபந்தாட்டப் பிள்ளைகள் அதன் மேல் பந்தைக் கொண்டுபோகும்போது கொஞ்சம் மெதுவாக ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். விழுந்தால் முழங்கைத் தோல் போய்விடும் என்று அவர்களுக்குத் தெரியும். மறுகா, ஆடி ஆவணியில் கச்சான் காற்று அடித்து நிலம் முழுக்க வறண்டு கட்டாந்தரையாகிவிடும். புல் என்று நிற்பது நெருஞ்சிதான். ஐப்பசி கார்த்திகையில் அதே மைதானம் குளம். இந்த நிலத்தில் ஓடுகிறவனை இடுப்பில் பிடித்து விழுத்துகிற ஆட்டத்தைப் பிள்ளைகளுக்குப் பழக்கச் சொன்னால் நான் மாட்டேன்.

சின்ன நாடுகள் பலவற்றின் நிலை இதுதான். முதலில் நிலம், பிறகு பயிற்றுநர். சர்வதேச ஆட்டமெல்லாம் அதற்குப் பிறகு.

கல்லடிப் பாலம்

மாஸ்டர், நெருஞ்சிக்கு ஒரு லைக்.

வென்ட்வேர்த்வில் மட்டக்களப்பான்

சிட்னியில் இருந்து எழுதுகிறேன். பிள்ளைகள் இரண்டு பேரும் இந்த ஆட்டத்தில் இருப்பதால் ஓரளவு நேரில் கண்டது.

மாமாங்கத்தான் தம்பி 'சொந்த மண்' என்கிறார். குக் தீவுகளில் இருக்கிறவர்களைவிடப் பல மடங்கு குக் தீவுக்காரர் நியூசிலாந்தில் இருக்கிறார்கள். அப்படியென்றால் அவர்களின் சொந்த மண் எது? சிட்னியின் தென்மேற்கில் கம்பெல்டவுன் என்று ஒரு இடம். தொங்கா, சமோவா, பிஜி, பப்புவா நியூகினி, குக் தீவுகள் என்று பசிபிக் அணிகளை அங்கே ஒரே நாளில் வரிசையாக ஆடவிட்டிருக்கிறார்கள். கோயில் கூட்டம் கோயில் கூட்டமாக வந்து இறங்குவார்கள். கொடி கட்டிய கார்கள் தெருவை மறித்து நிற்கும். தொங்காச் சனம் பக்திப் பாட்டை எடுத்தால் ஒரு பக்கக் கலரி முழுக்க ஒரே குரலில் பாடும். எனக்கு உடம்பு புல்லரித்திருக்கிறது.

2017 உலகக் கிண்ணத்தில் தொங்கா நியூசிலாந்தை 28-22 என்று அடித்தது எங்கே? ஹமில்டனில். 2019 இல் அவுஸ்திரேலியாவையே 16-12 என்று விழுத்தியது எங்கே? ஒக்லாந்தில். இரண்டும் நியூசிலாந்து. மைதானம் முழுக்கத் தொங்காவின் சிவப்பு நிறமாக இருந்தது. சனம் இருக்கிற இடத்தில் ஆட்டத்தை வையுங்கள், வருகிற காசில் ஊரில் பிள்ளைகளைப் பழக்குங்கள். இதில் என்ன பிழை?

மாமாங்கத்தான்

அண்ணன், 'வருகிற காசில் ஊரில் பழக்குங்கள்' என்று சுலபமாகச் சொல்லிவிட்டீர்கள். அந்தக் காசு கம்பெல்டவுனில் இருந்து தீவுக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதுதானே கேள்வி. ரொறன்ரோவில் எத்தனை தமிழ் விழா நடக்கிறது! ஏறாவூரிலும் வாகரையிலும் இருக்கிற பிள்ளை அதில் எதைக் கண்டது? ஃபோனில் பத்து விநாடித் துண்டு ஒன்று, அவ்வளவுதான்.

ஹமில்டனில் ஆடிய தொங்கா அணியைப் பாருங்கள். ஜேசன் டௌமலோலோ நியூசிலாந்தை விட்டும், அன்ட்ரூ ஃபிஃபிடா அவுஸ்திரேலியாவை விட்டும் வந்தார்கள். பெருமைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவர்கள் வளர்ந்தது பெரிய நாட்டுக் கழகங்களில். தாத்தா பாட்டி பிறந்த நாட்டுக்கு ஆடலாம் என்ற விதியால் அணி ஒரு மாதத்தில் கிடைத்துவிடும். நாட்டுக்குள் ஆட்டம் அப்படிக் கிடைக்குமா?

சாய்ந்தமருதுக் கணக்கர்

அந்த விதி இல்லாவிட்டால் எப்படியிருக்கும் என்றும் சொல்லுங்கள் தம்பி. 2022 இல் கிறீஸ் உள்ளூர்ப் பெடியன்களையும் கலந்துதான் வந்தது. ஷெபீல்டில் இங்கிலாந்து அவர்களை 94-4 என்று அடித்தது. தொண்ணூற்று நான்கு! காசு கொடுத்து உள்ளே போனவன் பாதியிலேயே எழும்பிப் போயிருப்பான். அவுஸ்திரேலியா ஸ்கொட்லாந்தை 84-0. ஜமைக்காவுக்கு நியூசிலாந்திடம் 68-6. இதையெல்லாம் ஏதென்ஸிலும் கிங்ஸ்டனிலும் வைத்திருந்தால் அந்த ஊர்ப் பிள்ளைகள் ஆட்டத்தைப் படிப்பார்களா, வெறுப்பார்களா?

மாமாங்கத்தான்

நானா, கிறீஸ் கதையைப் பாதியில் விட்டுவிட்டீங்க. அந்த நாட்டு அதிகாரிகள் ஆட்டத்தை அங்கீகரிக்காமல் தடுத்து வைத்திருந்தார்கள். பொலிஸ் வரும் என்று இரவில் ஒளித்து ஆடியிருக்கிறார்கள். 2022 இல்தான் அங்கீகாரம் கிடைத்தது. ஒளித்து ஆடி உலகக் கிண்ணத்துக்கு வந்தவன் 94 வாங்கினால் அது வெட்கமா?

அடி வாங்கிய கதை எங்களுக்குத் தெரியாததா? 1975 கிரிக்கெட் உலகக் கிண்ணத்தில் மேற்கிந்தியத் தீவுகள் இலங்கையை 86 ஓட்டங்களுக்குச் சுருட்டின. சில நாள் கழித்து அதே இலங்கை அணி ஓவலில் அவுஸ்திரேலியாவுக்கு எதிராக 276 எடுத்தது. தொம்சனின் பந்தில் மெண்டிஸும் வெத்தமுனியும் அடிபட்டு வெளியே போனபோதும் நான்கு விக்கெட்தான் விழுந்திருந்தது. 1979 இல் இந்தியாவைத் தோற்கடித்தோம். 1982 இல் கொழும்பு சரவணமுத்து மைதானத்தில் முதல் டெஸ்ட். 1996 ஐச் சொல்லத் தேவையில்லை. 86 ஐப் பார்த்துவிட்டு 'இவர்களை இனிக் கூப்பிடாதே' என்று சொல்லியிருந்தால்?

பீ.ரி. மாஸ்டர் (திருக்கோவில்)

தம்பி, கென்யாவையும் சொல்லவேண்டும். 2003 கிரிக்கெட் உலகக் கிண்ணத்தில் நைரோபியில், சொந்த மண்ணில், சொந்தச் சனத்துக்கு முன்னால் எங்களையே 53 ஓட்டங்களால் அடித்தார்கள். கொலின்ஸ் ஒபுயாவுக்கு ஐந்து விக்கெட். அரையிறுதி வரைக்கும் போனார்கள். அதற்குப் பிறகு? 2014 இல் ஒருநாள் அந்தஸ்தும் போய்விட்டது. ஆட்டத்தை அவர்கள் ஊரில் வைத்தும் அவர்கள் நிலைக்கவில்லை. இலங்கைக்கு 1975 க்கு முன்னாலேயே பள்ளிக்கூடக் கிரிக்கெட் நூறு வருடம் இருந்தது. வேறுபாடு அங்கேதான்.

தேத்தாத்தீவு அக்கா

ஆண்களின் கணக்கு மட்டும் ஓடுகிறது. 2022 பெண்கள் அரையிறுதியில் பப்புவா நியூகினிப் பெண்கள் அவுஸ்திரேலியாவிடம் 82-0 வாங்கினார்கள். அரையிறுதிக்கு வந்ததே பெரிய விஷயம். அதைப் பற்றி இங்கே ஒரு வரி இல்லை.

ஓல்ட் ட்ரபோர்டில் பெண்கள் இறுதியையும் ஆண்கள் இறுதியையும் ஒரே நாளில் வைத்தார்கள். ஒரே ரிக்கெற், ஒரே விளக்கு, ஒரே பாதுகாப்புச் செலவு. கணக்கர் நானா கேட்ட காசுக்கு இதில் ஒரு வழி இருக்கிறதே. பெரிய அணிகள் பப்புவாவுக்கோ பிஜிக்கோ போகும்போது, அதே நாளில் அதே மைதானத்தில் சின்ன நாடு ஒன்றின் ஆட்டத்தை முதலில் வையுங்கள். பெண்கள் ஆட்டமும் வையுங்கள். தனி விமானம் தேவையில்லை, தனி மைதானம் தேவையில்லை.

சாய்ந்தமருதுக் கணக்கர்

தங்கச்சி சொன்னதில் கணக்கு இருக்கிறது. ஆனால் மத்தியானம் ஒரு மணி ஆட்டத்துக்குச் சனம் வருமா? முதல் ஆட்டம் முடியும்வரைக்கும் வெளியே சோடாக்கடையில் நிற்பார்கள்.

தேத்தாத்தீவு அக்கா

கம்பெல்டவுனில் சனம் முதல் ஆட்டத்துக்கே வந்து உட்கார்ந்திருந்தது என்று மேலே அண்ணன் எழுதியதன் அர்த்தம் அதுதானே?

வென்ட்வேர்த்வில் மட்டக்களப்பான்

ஓம், காலையிலேயே சாப்பாட்டுக் கூடையோடு வந்துவிடுவார்கள்.

இன்னொன்று. சமோவாவை மறக்காதீர்கள். 2022 முதல் ஆட்டத்தில் இங்கிலாந்து அவர்களை 60-6 என்று உரித்தது. அதே தொடரின் அரையிறுதியில் அதே இங்கிலாந்தை, இங்கிலாந்திலேயே, மேலதிக நேரத்தில் 27-26 என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். ஸ்டீபன் க்ரைட்டன் அடித்த ஒற்றைப் புள்ளி. இறுதியில் அவுஸ்திரேலியாவிடம் 30-10 என்று தோற்றார்கள், அது வேறு. ஒரு தோல்வியை வைத்து ஒரு நாட்டின் கதவைச் சாத்தக்கூடாது என்பதில் மாமாங்கத்தான் தம்பியோடு எனக்குச் சண்டையில்லை. எங்கே ஆடுவது என்பதில்தான் சண்டை.

மாமாங்கத்தான்

அந்தச் சமோவா அணியிலும் அநேகமானவர்கள் அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் வளர்ந்தவர்கள் அண்ணன். நான் திரும்பத் திரும்பச் சொல்வது அதைத்தான். இந்த ஆட்டமே எப்படிப் பிறந்தது? சனிக்கிழமை வேலையை விட்டு ஆட வருகிற சுரங்க, ஆலைத் தொழிலாளிக்கு இழந்த கூலியைக் கொடுக்க விடமாட்டோம் என்று லண்டன் பக்கத்துக் கனவான்கள் நின்றதால், வட இங்கிலாந்துக் கழகங்கள் 1895 இல் ஹடர்ஸ்பீல்டில் கூடிப் பிரிந்து வந்தன. கூலிக்காரனுக்காகப் பிரிந்து வந்த ஆட்டம், காசில்லாத நாட்டுக்குக் கதவைச் சாத்துவது நியாயமா?

சாய்ந்தமருதுக் கணக்கர்

அதே கதை என் பக்கமும் பேசும் தம்பி. அந்தக் கழகங்கள் பிரிந்ததே, காசு இல்லாமல் ஆட்டம் இல்லை என்று தெரிந்துதான். தொழிலாளிக்குக் கூலி கொடுக்க வாசலில் ரிக்கெற் விற்கவேண்டும். ரிக்கெற் விற்கிற இடத்தில்தான் ஆட்டம்.

கல்லடிப் பாலம்

அறுகம்பேயையும் பாருங்கள். 2018, 2019 இல் உலக அலைச்சறுக்குத் தொடரின் போட்டி அங்கே நடந்தது. அதற்கு எவ்வளவோ முன்னாலேயே உள்ளூர்ப் பெடியன்கள் அலையில் ஏறப் பழகியிருந்தார்கள். கடல் இருந்தது, பலகை வந்தது, போட்டி கடைசியில் வந்தது. மாஸ்டர் சொன்ன ஒழுங்குதான்.

பீ.ரி. மாஸ்டர் (திருக்கோவில்)

நன்றி தம்பி. எங்கள் மாவட்டப் பிள்ளைகள் கபடியில் ஒருவனை எப்படிப் பிடித்து நிறுத்துவது என்று தெரிந்தவர்கள். தோளைத் தாழ்த்தி, தலையை ஒரு பக்கம் ஒதுக்கி, இரண்டு கையாலும் தொடையைச் சுற்றிப் பிடிப்பது. றக்பி லீக்கில் பழக்குகிற முதல் பாடமும் அதுதான். கொங்கிறீட் இல்லாத இடம் என்றால் கடற்கரை மணல்தான். அங்கே விழுத்தாமல் தொட்டு ஆடுகிற வகையை வைத்துத் தொடங்கலாம். இடுப்புப் பட்டி கூடத் தேவையில்லை, பந்து மட்டும் வேண்டும்.

சர்வதேச ஆட்டம் எங்கே நடக்கவேண்டும் என்று கேட்டால், பிள்ளைகள் ஆடிக்கொண்டிருக்கிற ஊரில் நடக்கட்டும். அப்படி ஒரு ஊர் இருந்தால் ஏதென்ஸானாலும் சரி, கம்பெல்டவுனானாலும் சரி.

மாமாங்கத்தான்

மாஸ்டர், அப்படியென்றால் பிள்ளைகள் ஆடத் தொடங்குவதற்கு எதைப் பார்ப்பார்கள்? யாரையாவது நேரில் பார்த்தால்தானே ஆசை வரும்? நீங்கள் இரண்டாவது படியை முதலில் வைக்கச் சொல்கிறீர்கள்.

பீ.ரி. மாஸ்டர் (திருக்கோவில்)

ஆசை வர ஒரு பந்து போதும் தம்பி. கையில் கொடுத்துப் பாருங்கள். சர்வதேச அணி வரும்வரைக்கும் பிள்ளை காத்திருந்தால் அவனுக்குக் கலியாணம் ஆகிவிடும்.

தேத்தாத்தீவு அக்கா

பெண் பிள்ளைகளுக்கும் சேர்த்து இரண்டு பந்து.

சாய்ந்தமருதுக் கணக்கர்

சரி, இரண்டு பந்தும் என் செலவு. மாஸ்டர் அளவைச் சொல்லட்டும், கொழும்பில் இருந்து எடுப்பிக்கிறேன். கிறீஸ் அணிக்கு விமானச் சீட்டு மட்டும் என்னிடம் கேட்க வேண்டாம்.

மாமாங்கத்தான்

கேட்பேன் நானா. அது அடுத்த வருடம்.