ரிட்டர்னில் வந்தது நான் அனுப்பிய புடவையே இல்லை, என்ன செய்வது?

தறிவாசல்:
சேலம் பக்கம் இளம்பிள்ளையில் சாஃப்ட் சில்க் புடவை எடுத்து ஆன்லைன் தளம் ஒன்றில் விற்கிறேன். 1,850 ரூபாய் புடவை ஒன்று 'கலர் பிடிக்கவில்லை' என்று திரும்பி வந்தது. பிரித்தால் உள்ளே சாயம் போன பழைய பாலியெஸ்டர் புடவை. வாங்கியவருக்கு அதற்குள் முழுப் பணமும் போய்விட்டது. தளத்தில் கேட்டால் ஆதாரம் காட்டு என்கிறார்கள். என்னிடம் இருப்பது பிரித்த பிறகு எடுத்த போட்டோ மட்டும்தான். அவர் முகவரி லேபிளில் இருக்கிறது, நேரில் போய்க் கேட்கலாமா?

சேலத்துக்காரன்:
போகவே போகாதீர்கள் அக்கா. மிரட்டினீர்கள் என்று அவர் ஒரு புகார் போட்டால் உங்கள் கணக்கைத்தான் முடக்குவார்கள். முதலில் தளத்தில் விற்பவருக்கென்று இருக்கும் செல்லர் பேனலில் இழப்பீடு கேட்டு கிளெய்ம் போடுங்கள், அதற்குக் கெடு உண்டு, தாண்டினால் திறக்காது. போட்டோவைவிட எடை பேசும். அனுப்பும்போது பதிவான எடை உங்களிடம் இருக்கும், திரும்பி வந்தபோது கூரியர் ஹப்பில் போட்ட எடையைக் கேட்டு வாங்கி இரண்டையும் சேர்த்துக் கொடுங்கள். பழைய புடவை, கவர், லேபிள் எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

முந்தானை:
இனி எந்த ரிட்டர்னையும் வீடியோ இல்லாமல் பிரிக்க வேண்டாம். கவரின் எல்லாப் பக்கமும், லேபிளில் உள்ள நம்பரும் தெரிய வேண்டும், நடுவில் நிறுத்தாமல் அப்படியே வெட்டி, புடவையை முழுக்க விரித்துக் காட்ட வேண்டும், வெட்டி ஒட்டிய வீடியோவை ஏற்க மாட்டார்கள். அப்புறம், முகூர்த்த நாள் முடிந்ததும் சந்தன வாசத்தோடு திரும்பி வரும் புடவைகள் தனிக் கதை. அதற்கு ஒருமுறை அறுத்தால் மறுபடி மாட்ட முடியாத டேக்கை முந்தானையில் வெளியே தெரிகிற இடத்தில் போடுகிறேன், கட்டிக்கொண்டு விசேஷத்துக்குப் போக முடியாது. அந்த மாதிரி ரிட்டர்ன் நிறையவே குறைந்துவிட்டது.

கடைவீதி:
வாட்ஸ்அப்பில் நேரடியாக விற்பவர்களுக்கு ஒன்று. பணம் போட்டதாக வரும் ஸ்கிரீன்ஷாட்டை நம்பிப் பார்சல் கட்டாதீர்கள், பேங்க் கணக்கைத் திறந்து பாருங்கள். 'கூடுதலாக அனுப்பிவிட்டேன், திருப்பிப் போடுங்கள்' என்றாலும் அதேதான். பணம் வாங்க யூபிஐ பின் நம்பர் தேவையே இல்லை, கேட்டால் ஏமாற்று வேலை. பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள்.

தறிவாசல்:
எடை கேட்டு மெயில் போட்டுவிட்டேன், கிளெய்மும் திறந்தாயிற்று. ரிட்டர்ன் கொண்டுவரும் தம்பி நிற்கும்போதே பிரித்துப் பார்க்கலாமா?

சேலத்துக்காரன்:
பெரும்பாலும் நிற்க மாட்டார்கள். கவர் கிழிந்தோ மறுபடி ஒட்டியோ இருந்தால் மட்டும் அவர் எதிரிலேயே போட்டோ எடுத்துவிட்டு வாங்குங்கள்.