இடி மழையில் அம்மாவும் குழந்தையும் வீட்டில் தனியாக, என்ன சொல்லி வைப்பது?

செங்காங்14மாடி:
ஊரிலிருந்து அம்மா சிங்கப்பூர் வந்திருக்கிறார், பகலில் என் இரண்டு வயது மகளோடு தனியாகத்தான் இருப்பார். நேற்று வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே திடீரென்று இருட்டி இடி இறங்க, "அர்ஜுனா அர்ஜுனா" என்று சொல்லிக்கொண்டே மெயினை அணைத்துவிட்டு, ஜன்னலுக்கு வெளியே எட்டி மூங்கில் கம்பிலிருந்த துணியை இழுத்திருக்கிறார். கேட்டதும் வயிறு கலங்கிவிட்டது. மெயினை அணைக்கத்தான் வேண்டுமா? குளிக்கலாமா, போன் பேசலாமா?

ஒயரிங்_வேலை:
மெயின் வேண்டாம். வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) புளோக் கூரையில் மின்னல் கடத்தி இருக்கிறது, நேராக விழுந்தாலும் பெரும்பகுதி தரைக்குப் போய்விடும். ஒயர் வழியாக வருவதுதான் ஆபத்து. சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது, உள்ளே இடைவெளி சில மில்லிமீட்டர்தான், மின்னல் தாண்டிவிடும். அதனால் வானம் இருட்டும்போதே டிவி, மோடம் பிளக்கை உருவிவிடச் சொல்லுங்கள். இடி ஆரம்பித்தபின் பிளக் பக்கமே போகக்கூடாது. கைப்பேசியில் தாராளமாகப் பேசலாம், சார்ஜரில் மாட்டியபடி வேண்டாம். குழாய் வழியாகவும் மின்சாரம் வரும், குளிப்பது, பாத்திரம் கழுவுவது எல்லாம் கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்து.

ஜூரோங்_அக்கா:
தம்பி, எனக்கு மின்னலைவிட அந்தத் துணிதான் கவலை. நனைந்தால் நனையட்டும்! சுமத்ரா பக்கமிருந்து வரும் காற்று லேசுப்பட்டதில்லை, 2024 செப்டம்பர் 17 மாலை மணிக்கு 83.2 கிலோமீட்டர் வேகத்தில் அடித்து எத்தனை மரங்களைச் சாய்த்தது. அந்த வேகத்தில் ஈரத் துணியோடு கம்பு திரும்பினால் வயதானவரால் பிடிக்க முடியாது, கைவிட்டால் கீழே நடப்பவர் தலையில்தான் விழும். அவர் தனியாக இருக்கும் நாளில் உள்ளேயே காயப்போடுங்கள். ஜன்னல் விளிம்பில் பூத்தொட்டி இருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். அப்புறம் அறைக்கதவு: ஒரு ஜன்னல் திறந்திருந்தாலும் படாரென்று சாத்தும், குழந்தையின் விரல் கீல் பக்கம்தான் இருக்கும். அதனால் முதலில் ஜன்னல்களைப் பூட்டட்டும். அம்மா அர்ஜுனா சொல்லட்டும், ஜன்னலைவிட்டுத் தள்ளி உட்கார்ந்து சொல்லட்டும்.

செங்காங்14மாடி:
நன்றி அக்கா, இன்று இரவே பேசுகிறேன். அண்ணே, ஒன்று கேட்க வேண்டும். இடி நின்றபின் மெயினைப் போட்டால் ஆர்சிசிபி (மின்கசிவு இருந்தால் தானாக அணையும் சுவிட்ச்) உடனே டிரிப் ஆகிறது.

ஒயரிங்_வேலை:
எல்லா பிளக்கையும் உருவிவிட்டு அந்த சுவிட்சை மேலே தள்ளிப் பாருங்கள். விழாமல் நின்றால் ஒவ்வொன்றாக மாட்டுங்கள், எதை மாட்டும்போது விழுகிறதோ பழுது அதில்தான். எதுவும் மாட்டாமலே விழுந்தால் உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், அம்மாவைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்க விடாதீர்கள்.