விண்ணப்பத்தில் "ஓர் உதாரணம் தருக" என்று கேட்டால் எதை எழுதுவது?

தாவடிப்பிள்ளை:
எல்லோருக்கும் வணக்கம். ஒரு சர்வதேசத் தொண்டு நிறுவனத்தில் கள உத்தியோகத்தர் வேலைக்கு விண்ணப்பிக்கிறேன். யாழ்ப்பாணம், கிளிநொச்சி இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு பதவிதான், வருகிற வெள்ளி கடைசி நாள். பெயர், படிப்பு எல்லாம் பத்து நிமிடத்தில் நிரப்பிவிட்டேன். அதற்குக் கீழே நான்கு கேள்விகள் இருக்கின்றன, கொம்பிற்றன்சி (தேர்ச்சி) கேள்விகள் என்று சொல்கிறார்களே, அவைதான். குழுவில் கருத்து வேறுபாடு வந்தபோது என்ன செய்தீர்கள், வளம் குறைந்த நேரத்தில் ஒரு வேலையை எப்படித் திட்டமிட்டீர்கள், உங்களிலிருந்து வேறுபட்டவர்களோடு வேலை செய்த அனுபவம் என்ன, நீங்கள் விட்ட பிழை ஒன்றும் அதில் கற்றதும். ஒவ்வொன்றுக்கும் 250 சொல், ஆங்கிலத்தில். மூன்று நாளாக ஒரு வரியும் எழுதவில்லை.

யாழ் பல்கலைக்கழகத்தில் புவியியல் சிறப்புக்கலை முடித்து இரண்டரை வருடம். அலுவலக வேலை எதுவும் செய்ததில்லை. படிக்கிற காலத்திலிருந்தே சாதாரண தரப் பிள்ளைகளுக்கு ரியூசன் கொடுக்கிறேன், ஊர் சனசமூக நிலையத்தில் ஒரு வருடம் செயலாளராக இருந்தேன், 2020 டிசம்பரில் புரெவிப் புயல் மழையில் வெள்ளம் ஏறியபோது உலர் உணவுப் பொதிக்குப் பெயர்ப் பட்டியல் எழுதினேன். இவ்வளவுதான். இதெல்லாம் உதாரணமாகுமா?

போன வருடம் வேறொரு நிறுவனத்துக்கு விண்ணப்பித்து நேர்முகம் வரை போனேன். 2009இல் போரின் கடைசியில் வன்னியிலிருந்து, இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாமுக்கு வந்ததையும் அங்கே இருந்த காலத்தையும் எழுதியிருந்தேன், என் வாழ்க்கையில் அதைவிடப் பெரியது வேறில்லை. மூன்று பேரும் பேசாமல் கேட்டார்கள். பிறகு ஒருவர், "அதில் நீங்கள் செய்தது என்ன?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. அந்தக் கேள்வி இன்னும் மனதில் கிடக்கிறது.

பரந்தன்சந்தி:
தங்கச்சி, நான் 2010இலிருந்து கிளிநொச்சியிலும் பிறகு யாழ்ப்பாணத்திலும் தொண்டு நிறுவனங்களில் வேலை செய்தவன், நேர்முகக் குழுவில் பல தடவை இருந்திருக்கிறேன். அதனால் மேசைக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன்.

எங்கள் கையில் ஒரு தாள் இருக்கும். ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே நாலைந்து வரி: மற்றவர் சொன்னதைக் கேட்டாரா, தானாக முடிவு எடுத்தாரா, பொறுப்பை ஏற்றாரா என்று. பக்கத்தில் புள்ளி போட ஒரு கட்டம். நீங்கள் சொல்லச் சொல்ல நாங்கள் அந்த வரிகளுக்குப் பொருத்தமானதைத் தேடிக்கொண்டிருப்போம். குழுவில் இருந்த பலர் அதே முகாமில் கிடந்தவர்கள்தான், உங்கள் குடும்பம் பட்டது அவர்களுக்கு விளங்காமல் இல்லை. ஆனால் பத்துப் பதினொரு வயதுப் பிள்ளையின் கையில் என்ன முடிவு இருந்திருக்கும்? பட்ட துன்பத்துக்குப் புள்ளி போட அந்தத் தாளில் இடமில்லை. அந்தக் கதை பெரியது, அதை 250 சொல்லுக்குள் அடைக்க வேண்டாம்.

உதாரணம் பலமானதா என்று பார்க்க நான் ஒன்றைத்தான் பார்ப்பேன். அந்த இடத்திலிருந்து உங்களை எடுத்துவிட்டு வேறு ஒருவரை நிறுத்தினால் கதை மாறுமா? மாறாது என்றால் அது ஊரின் கதை, உங்களுடையது இல்லை. நல்லூர்த் திருவிழாவில் தண்ணீர்ப் பந்தல் போட்டோம், 25 நாளும் நின்றோம் என்று எத்தனையோ பேர் எழுதுவார்கள். நல்ல காரியம். ஆனால் ஆள் மாறினாலும் தண்ணீர் போயிருக்கும். அதே பந்தலில் ஒரு நாள் தண்ணீர் கொண்டுவருகிற பவுசர் வராமல் போய், நீங்கள் யாரோடு கதைத்து எங்கிருந்து தண்ணீர் எடுத்தீர்கள் என்றால் அது உதாரணம்.

நீங்கள் "இவ்வளவுதான்" என்று எழுதியதில் எனக்குப் பெரிதாகத் தெரிவது அந்தப் பெயர்ப் பட்டியல். நிவாரணப் பட்டியல் எழுதிய எந்த ஊரிலும் பிரச்சினை இல்லாமல் இருந்ததில்லை. ஒரே வீட்டில் இரண்டு குடும்ப அட்டை, வாடகைக்கு இருப்பவர்கள், கிராம சேவையாளரின் பதிவு வேறு ஊரில் இருப்பவர்கள், "எனக்கு ஏன் இல்லை" என்று படலைக்கு வந்து கத்துகிறவர்கள். கள உத்தியோகத்தரின் அன்றாட வேலையே இதுதான். யாருடைய பெயராவது விடுபட்டதா? யார் சண்டைக்கு வந்தது? நீங்கள் என்ன செய்தீர்கள்? அதை யோசியுங்கள்.

இன்னொன்று, இது எங்கள் ஆட்கள் எல்லோரிடமும் நான் காண்பது. நாங்கள் "நான்" என்று சொல்லக் கூச்சப்படுகிறவர்கள். "ஒழுங்கு செய்யப்பட்டது", "வழங்கப்பட்டது", மிஞ்சிப்போனால் "நாங்கள் செய்தோம்". தமிழில் எழுவாய் இல்லாமலே வசனம் நிற்கும், அதை அப்படியே ஆங்கிலத்தில் போட்டால் செய்தவர் யார் என்றே தெரியாது. வளர்த்த விதம் அப்படி, பெருமை பேசக்கூடாது என்று சொல்லிச் சொல்லி வளர்த்தார்கள். ஆனால் படிவத்தில் "நான்" என்று எழுதுவது பெருமை இல்லை, கணக்குக் காட்டுவது. மற்றவர்கள் செய்ததை மறைக்கவும் வேண்டாம்: "பொதிகளைக் கழக இளைஞர்கள் ஏற்றினார்கள், பட்டியலை நான் எழுதினேன்" என்று எழுதினால் இரண்டும் நேர்மையாக நிற்கும்.

கருத்து வேறுபாட்டுக் கேள்விக்கு நீங்கள் வென்ற கதைதான் வேண்டும் என்றில்லை. ஐக்கிய நாடுகள் அமைப்புகள் வெகுகாலமாகப் பயன்படுத்திவந்த தேர்ச்சிப் பட்டியலில் குழுவேலைக்குக் கீழே ஒரு வரி உண்டு: தன் நிலைப்பாடு வேறாக இருந்தாலும் குழுவின் இறுதி முடிவை ஆதரித்து அதன்படி நடப்பது. தோற்றுப்போன வாதமும் உதாரணமாகும், தோற்ற பிறகு நீங்கள் எப்படி நடந்தீர்கள் என்று சொன்னால்.

ஹரோ_அக்கா:
தம்பி சொன்னது எல்லாம் சரி. நான் லண்டனில் அரச அலுவலகம் ஒன்றில் இருக்கிறேன், இங்கே இந்த 250 சொல் விளையாட்டு எங்களுக்கு நன்றாகத் தெரியும். பிரித்தானிய சிவில் சேவையில் 2018இல் ஆட்சேர்ப்பு முறையை மாற்றினார்கள், அதற்குப் பிறகும் வேலையில் காட்ட வேண்டிய ஒவ்வொரு நடத்தைக்கும் 250 சொல்லுக்குள் ஓர் உதாரணம் கேட்கிறார்கள், 1இலிருந்து 7 வரை புள்ளி. உங்கள் நிறுவனம் இதே அளவுகோலை வைத்திருக்க வேண்டும் என்றில்லை. ஆனால் 250 சொல்லுக்குள் எழுதுவது எங்கும் ஒரே பாடுதான்.

முதல் இரண்டு தடவை நான் தோற்றது ஒரே காரணத்தால். ஒரு பதிலுக்குள் மூன்று உதாரணம் வைத்தேன், எவ்வளவு அனுபவம் இருக்கிறது என்று காட்ட ஆசை. ஒவ்வொன்றுக்கும் 80 சொல், ஒன்றிலும் ஆழம் இல்லை. ஒரு கேள்விக்கு ஒரு சம்பவம், அதுவும் ஒரு நாள் அல்லது ஒரு வாரத்துக்குள் நடந்தது. "ஒரு வருடம் செயலாளராக இருந்தேன்" என்பது சம்பவம் இல்லை, பதவி. அந்த வருடத்தில் ஒரு கூட்டத்தில் நடந்தது என்ன?

ஸ்டார் முறை என்று கேள்விப்பட்டிருப்பீர்கள்: நிலைமை, உங்கள் பொறுப்பு, நீங்கள் செய்தது, முடிவு. நாலுக்கும் சமமாகச் சொற்களைப் பிரித்துவிடாதீர்கள். நிலைமைக்கும் பொறுப்புக்கும் சேர்த்து 60, முடிவுக்கு 40, மிச்சம் 150 சொல்லும் நீங்கள் செய்ததற்கு. யாழ்ப்பாணத்தில் மழை எப்படிப் பெய்தது என்று விவரிக்க எனக்கும் ஆசைதான், ஆனால் அதற்கு யாரும் புள்ளி போடமாட்டார்கள்.

வளம் குறைந்த நேரம் என்றதும் எனக்கு 2022 எரிபொருள் தட்டுப்பாடுதான் ஞாபகம் வருகிறது, அம்மாவோடு ஒவ்வொரு நாளும் போனில் பெட்ரோல் வரிசைக் கதைதான். அந்த நேரம் ரியூசன் எப்படி நடத்தினீர்கள்?

ஆங்கிலத்தில் நேரடியாக எழுதத் தொடங்க வேண்டாம். தங்கச்சிக்கோ சிநேகிதிக்கோ வட்ஸ்அப்பில் குரல் பதிவாக அந்தக் கதையைச் சொல்லுங்கள், இரண்டு நிமிடம் போதும். பிறகு நீங்களே கேட்டுப்பாருங்கள், குரல் எந்த இடத்தில் உயர்கிறதோ அதுதான் உதாரணத்தின் நடு. அங்கிருந்து எழுதுங்கள்.

சுன்னாகம்88:
பிழை பற்றிய கேள்விக்கு மட்டும் நான் எழுதுகிறேன். "நான் அளவுக்கு மிஞ்சி வேலை செய்வேன், அதுதான் என் பிழை" என்று தயவுசெய்து எழுத வேண்டாம். உண்மையான பிழை வேண்டும், யாருக்காவது நட்டமோ சிரமமோ வந்த பிழை. நான் கடன் கொடுக்கிற ஒரு நிறுவனத்தில் சேர்ந்த முதல் வருடம் ஒரு மீனவரின் இயந்திரக் கடனுக்குத் தவணைத் திகதியைப் பிழையாகப் பதிந்துவிட்டேன், அவருக்குத் தண்டப் பணம் ஏறியது. அவர் வந்து கேட்கும் முன் நானே கண்டுபிடித்து, முகாமையாளரிடம் சொல்லி, அவருடைய வீட்டுக்கும் போய்ச் சொன்னேன். அதற்குப் பிறகு எந்தப் பதிவையும் வாடிக்கையாளர் முன்னாலேயே வாசித்துக்காட்டுவது வழக்கமாகிவிட்டது. இன்றுவரை எந்த நேர்முகத்திலும் இதைத்தான் சொல்கிறேன். பிழை சின்னது, ஆனால் அதற்குப் பிறகு எது மாறியது என்று காட்ட முடிகிறது.

அப்புறம், மற்றவருடைய கதையை வாங்கி எழுத வேண்டாம். எழுத்தில் தப்பிவிடலாம், நேர்முகத்தில் "அப்போது அவர் என்ன சொன்னார்?" என்று ஒரு கேள்வி கேட்டாலே முடிந்தது.

தாவடிப்பிள்ளை:
அண்ணா, அக்கா, எல்லோருக்கும் நன்றி. நேற்றிரவு தங்கச்சிக்குக் குரல் பதிவு போட்டேன், ஒன்று நாலாகிவிட்டது.

பட்டியலில் ஒரு குடும்பம் விடுபட்டதுதான். கிராம சேவையாளரின் பதிவை மட்டும் பார்த்து எழுதினேன், ஒழுங்கையின் கடைசியில் வாடகைக்கு இருந்த தாயும் இரண்டு பிள்ளைகளும் அதில் இல்லை. பொதி கொடுத்து முடிந்த பிறகு அந்தச் சின்னப் பிள்ளை வந்து மதிலோடு நின்றதைப் பார்த்துத்தான் எனக்கு விளங்கியது. இது பிழைக் கேள்விக்கு.

2022க்கு ரியூசன். எரிபொருள் அட்டை வந்த புதிதில் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர்தான், பெற்றோரால் பிள்ளைகளை ஏற்றிவர முடியவில்லை. வாரம் மூன்று வகுப்பை ஒரு நீண்ட வகுப்பாக்கினேன், தூரத்துப் பிள்ளைகளை இரண்டு குழுவாகப் பிரித்து அராலியில் ஒரு வாசிகசாலையில் கேட்டு இடம் எடுத்து, நான் சைக்கிளில் போனேன். 34 பேரில் 31 பேர் கடைசிவரை வந்தார்கள்.

கருத்து வேறுபாட்டுக்குச் சனசமூக நிலையம். ஆண்டுவிழாவுக்கு முன்பக்கம் வர்ணம் பூச வேண்டும் என்றார்கள், பிள்ளைகளின் புத்தக அலுமாரிக்கு மேலே ஒழுகுகிற கூரையை முதலில் திருத்துவோம் என்றேன் நான். எனக்கு இரண்டு வாக்குத்தான் கிடைத்தது. வர்ணம் பூசும் வேலையை நானே முன்நின்று முடித்தேன், மிஞ்சிய காசைக் கூட்டத்தில் கணக்குக் காட்டி ஓடு மாற்ற வாங்கினேன்.

வேறுபட்டவர்களோடு வேலை செய்த அனுபவத்துக்குத்தான் ஒன்றும் இல்லை. நான் வேலை செய்தது எல்லாம் எங்கள் ஊர் ஆட்களோடுதான்.

பரந்தன்சந்தி:
அந்த நிர்வாகத்தில் இருந்தவர்களின் வயது என்ன? ஓய்வுபெற்ற அதிபரும் தபாலதிபரும் இருக்கிற மேசையில் இருபத்து மூன்று வயதுப் பிள்ளை செயலாளர் என்றால் அது வேறுபாடு இல்லையா? மொழியும் மதமும் மட்டும்தான் வேறுபாடு என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் கூரைக் கதையை இரண்டாம் தடவை பாவிக்க வேண்டாம், அதே ஆட்களோடு வேறு ஒரு நாள் நடந்ததை எடுங்கள்.

பிழைக் கதையில் ஒன்று குறைகிறது. பிள்ளை மதிலோடு நின்றதைப் பார்த்தீர்கள், சரி, பிறகு? அவர்களுக்குப் பொதி எப்படிப் போனது, அந்தத் தாயிடம் என்ன சொன்னீர்கள், அடுத்த தடவை பட்டியலை எப்படி எழுதினீர்கள்? அந்த மூன்றும்தான் உங்கள் 150 சொல்.

தாவடிப்பிள்ளை:
சொந்தக் காசில் இன்னொரு பொதி கட்டிக்கொண்டு இருட்ட முன்னம் போனேன் அண்ணா. விட்டது நான்தான் என்று அந்த அம்மாவிடம் சொன்னேன். அடுத்த நாள் பதிவேட்டை வீட்டில் வைத்துவிட்டு ஒவ்வொரு ஒழுங்கையாக நடந்து எழுதினேன், இன்னும் இரண்டு வீடு கிடைத்தது.

பரந்தன்சந்தி:
இதை ஏன் முதலே எழுதவில்லை பிள்ளை! "விட்டது நான்தான் என்று சொன்னேன்" என்பதை அப்படியே வையுங்கள், மெருகூட்ட வேண்டாம். வியாழன் இரவே அனுப்பிவிடுங்கள், கடைசி நாள் அந்த இணையத்தளம் இழுத்துக்கொண்டு நிற்கும்.