கரட்டடிப் புறம்போக்கில் மரம் நடப் போறாங்க, என்ன சொல்லித் தடுக்க?

மத்தூரான்:
எங்க ஊர்க் கரட்டடியில் நாலு ஏக்கர் மேய்ச்சல் புறம்போக்கு இருக்கு. கடப்பாரை ஒரு சாண் இறங்கினா சுக்காங்கல்லில் ணங்குன்னு நிக்கும். "சும்மா கிடக்கிற நிலம்தானே"ன்னு பசங்க ஜேசிபி பேசிட்டாங்க. ஐநூறு கன்னு, புங்கனும் வேம்பும். மரம் நடறதை வேணாங்கிறவன் ஊருக்கே வில்லன்! ஆனா கோடையில் அங்கே ஆள்காட்டி கல்லோடு கல்லா முட்டை வெச்சிருக்கும், மிதிக்கப் போற வரைக்கும் கண்ணுக்குத் தெரியாது. முதல் மழைக்கு வெல்வெட் மாதிரி இருக்கிற பட்டுப்பூச்சி செக்கச்செவேல்னு தரையில் ஊரும். புரட்டாசியில் ஊசிப்புல்லுக்குள்ளே விஷ்ணுகிராந்தி நீலமா பூத்திருக்கும். ஆவாரை, விராலி சொல்லவே வேணாம். கூட்டத்தில் எடுத்துப் பேச ஏதாவது கொடுங்க.

பாலக்கோடு வாத்தியார்:
முதல்ல ஜேசிபியை நிறுத்துங்க தம்பி. அந்த ஒரு சாண் மண்ணை நம்பித்தான் அத்தனையும் இருக்கு. கல்லைப் புரட்டி மேலே போட்டா முதல்ல வந்து உட்காருறது பார்த்தீனியமும் சீமைக்கருவேலமும்தான்.

கள்ளிமுளையான் செடி இருக்கான்னு புதர் ஓரமாப் பாருங்க. விரல் தடிமன், நாலு பட்டை, இலைன்னு பார்க்க ஒண்ணும் இருக்காது. பூ நுனியில் தொங்கும். கருஞ்சிவப்புக் கோடு, இதழோரத்தில் மெல்லிசா மயிர். தேனீயை விட ஈதான் அதுக்கு வேண்டப்பட்டது. தண்டை உப்பு தொட்டுத் தின்னாத பசங்க எங்க காலத்தில் கிடையாது. விசிறித்தொண்டை ஓணானும் அங்கே இருக்கும். ஆண் கல்மேல ஏறித் தொண்டையை விரிச்சுக் காட்டும். அது பொட்டை கண்ணில் படணும்னா வெட்டவெளி வேணும், புங்க நிழல்ல நடக்காது.

சசெக்ஸில் அரூரான்:
அண்ணா, இங்கே இங்கிலாந்தில் சுண்ணாம்புக் குன்றுப் புல்வெளிங்க இதே கதைதான். மேல்மண் கொஞ்சம்தான், சத்தும் கிடையாது. அதனாலேயே எந்தச் செடியும் மத்ததை அமுக்க முடியல. நல்ல இடத்தில் ஒரு சதுர மீட்டருக்குள்ள நாற்பது வகை வரைக்கும் இருக்கும். செம்மறியும் முயலும் மேய்ஞ்சு மேய்ஞ்சு காப்பாத்தின நிலம். 1953-ல் முயலுக்குக் கொள்ளைநோய் வந்து கூட்டங்கூட்டமாச் செத்துச்சு. புல் உசந்தது, தரை குளிர்ந்தது, வெயில் தரை கேட்கிற ஒரு சிவப்பெறும்பு குறைஞ்சது. லார்ஜ் புளூன்னு ஒரு பட்டாம்பூச்சி, அதோட புழு அந்த எறும்புப் புற்றுக்குள்ளேயே குஞ்சுகளைத் தின்னு வளரும். 1979-ல் பிரிட்டனில் அடியோட போச்சு. பிறகு ஸ்வீடன்ல இருந்து கொண்டுவந்து விட்டாங்க, புல்லை மேய விட்டுத்தான் நிலைக்க வெச்சாங்க.

பென்னாகரம் பட்டிக்காரன்:
இங்கிலாந்தில் சொன்னாத்தான் ஆடு நல்லது போல! எங்களை வேலி போட்டு விரட்டின இடத்தில் இன்னிக்கு உண்ணிச்செடி தவிர ஒண்ணுமில்ல. அதுக்காகப் பத்துப் பட்டியும் ஒண்ணா இறங்கினா கட்டாந்தரைதான், மாத்தி மாத்தி விடணும். இன்னொண்ணு, சீமைக்கருவேலக் காயைத் தின்னு புழுக்கையில் விதைக்கிறதும் எங்க ஆடுதான். மழை ஈரத்தில் சின்னக் கன்னாவே வேரோட பிடுங்குங்க. விட்டா, வெட்ட வெட்டத் துளிர்க்கும்.

மத்தூரான்:
ஜேசிபிக்கு முன்பணம் கொடுத்தாச்சாம். அதே வண்டியை ஏரி வரத்துக்கால்வாய் தூர் வார விடலாம், கன்னெல்லாம் கரைமேல போகட்டும்னு கேட்டுப் பார்க்கிறேன். வாத்தியாரே, ஞாயித்துக்கிழமை கூட்டத்துக்கு நீங்களே வந்தா தேவலை. நான் சொன்னா எடுபடாது.