கப்பல் எத்தனை பாகத்தில் நிற்கும்?

நாகைவாசி:
கல்லூரியில் என்.சி.சி. கடற்படைப் பிரிவில் இருந்தேன். ஒரு முகாமில், ஓய்வுபெற்ற கடற்படை அதிகாரி ஒருவர் வேதாரண்யம் பக்கத்துக் கடல் வரைபடத்தை மேசையில் விரித்தார். "ஐயாயிரம் சிப்பாய்ங்க கரையில மாட்டிக்கிட்டாங்க. பின்னாடி எதிரி, மேலே அவன் விமானம். ஒரே ராத்திரி. எப்படி ஏத்துவீங்க?"

எல்லாரும் கப்பலை எண்ண ஆரம்பித்தோம். ஆறு கப்பல், ஒவ்வொன்றிலும் ஆயிரம் பேர், சோலி முடிந்தது. அந்தப் பக்கத்து மீனவ ஊரான ஆறுகாட்டுத்துறைப் பையன் ஒருவன் மட்டும் பென்சிலைத் தொடவில்லை. "சார், கப்பல் எத்தனை பாகத்துல நிக்கும்?" என்றான். பாகம் என்பது கடலாழ அளவு, ஏறக்குறைய ஆறடி. அந்தப் பக்கம் வெகுதூரத்துக்கு ஆழம் கிடையாது. பெரிய கப்பல் கிட்டே வந்தால் தரை தட்டும். அப்புறம் படகுதான் கதி. துப்பாக்கி, மூட்டையோடு ஃபைபர் படகுக்குப் பத்துப் பேர், போய்வர அரை மணி என்று வைத்தால், இருபது படகு ஓயாமல் ஓடினாலும் பன்னிரண்டரை மணி நேரம். விடிந்துவிடும்.

அதிகாரி சிரித்துக்கொண்டே டன்கர்க் கதைக்கு வந்தார். இரண்டாம் உலகப்போரில் அந்தப் பிரெஞ்சுக் கரையில் ஜெர்மானியரிடம் மாட்டிக்கொண்ட பிரிட்டிஷ், பிரெஞ்சுச் சிப்பாய்களைக் கடல் வழியாக மீட்ட கதை. 1940 மே 26 அன்று இங்கிலாந்தின் டோவரில் பிரிட்டிஷ் அட்மிரல் ராம்சே மீட்பு வேலையைத் தொடங்கியபோது, இரண்டு நாளில் 45,000 பேர் தேறினாலே பெரிது என்றுதான் நினைத்தார்கள். கடற்கரை ஆழமில்லாதது, போர்க்கப்பல்கள் தள்ளியே நிற்க வேண்டியிருந்தது. கரைக்கு அனுப்பப்பட்ட கேப்டன் டென்னன்ட் கண்ணில் துறைமுகத்தின் கிழக்கு அலைதடுப்புச் சுவர் பட்டது. கப்பலைக் கட்டி நிறுத்துவதற்காகப் போட்ட சுவரே இல்லை அது, மேலே ஒடுக்கமான மரநடைபாதைதான். ஒரு கப்பலைச் சுவரோடு அணைத்து நிறுத்திப் பார்த்தார், நின்றது. மொத்தம் 3,38,226 பேரில் ஏறக்குறைய 2,39,000 பேர் துறைமுகம் வழியாகத்தான் ஏறினார்கள். கடற்கரையிலிருந்து ஆட்களை ஏற்றிய சின்னப் படகுகளைத்தான் எல்லாரும் கொண்டாடுகிறோம். அவை செய்ததும் பெரிய வேலைதான், ஆனால் கணக்கில் சுவர்தான் ஜெயித்தது.

பாதையும் லேசில் அமையவில்லை. 39 கடல் மைல் குறுக்குவழிக்கு எதிரே, பிரெஞ்சுத் துறைமுகமான கலே பக்கம் ஜெர்மன் பீரங்கி. அதனால் 87 மைல் சுற்றினார்கள். பிறகு கண்ணிவெடிகளை அகற்றி 55 மைல் பாதையைத் திறந்தார்கள். ஜூன் மாதம் பிறந்ததும் விமானத் தாக்குதல் தாங்காமல் பகல் நடையை விட்டுவிட்டு இரவில் மட்டும் ஏற்றினார்கள்.

திருவாரூர் தேர்:
பாகம் என்றதும் எங்கள் தாத்தா ஞாபகம். நாகையில் 'ரஜூலா' ஏறிப் பினாங்கு போனவர். கப்பல் வெளியே நங்கூரம் போட்டு நிற்குமாம், படகில் போய் ஏற வேண்டும். அலை படகைத் தூக்கும் நேரம் பார்த்து ஏணியில் கால் வைக்க வேண்டும், தயங்கினால் படகு கீழே போய்விடும். பெட்டி படுக்கையோடு கிழவிகள் ஏறும்போது வரிசையே நின்றுவிடுமாம். குண்டு விழாத நாளிலேயே இந்தக் கதி!

மன்னை மைனர்:
என் மாமா இலங்கைக்குப் போன இந்திய அமைதிப்படையில் இருந்தவர். 1990 மார்ச் 24-ல் கடைசிப் பிரிவு கிளம்பிய திருகோணமலை, ஆழமான இயற்கைத் துறைமுகம். ஆறுகாட்டுத்துறைக் கவலை அங்கே இல்லை. காவலைக் கடைசியாக விட்டு வருவது யார் என்பதுதான் பேச்சாம். முதல் உலகப்போரில் துருக்கியின் கலிப்பொலியிலிருந்து நேசநாட்டுப் படை பின்வாங்கியபோது, 1915 டிசம்பரில் இதற்கே ஒரு வித்தை செய்தார்கள். மேல் டின்னிலிருந்து தண்ணீர் சொட்டிச் சொட்டிக் கீழ் டின் நிறையும். கனம் ஏறியதும் அது விசையை இழுக்கும், ஆளில்லாத பதுங்குகுழியில் துப்பாக்கி வெடிக்கும். ஆள் இருக்கிறான் என்று எதிரி நம்பிக்கொண்டிருப்பான். சரி நாகைவாசி, உங்கள் கணக்கில் கடைசி நூறு பேர் யார்?

நாகைவாசி:
அதையும் அந்தப் பையன்தான் சொன்னான். படகு ஓட்டத் தெரிந்த சிப்பாய்களைக் கடைசியில் வை, பத்துப் படகை அவர்களிடமே விட்டுவிடு என்றான். கப்பலிலிருந்து யாரும் திரும்ப வராவிட்டாலும் அவர்களே வந்துவிடுவார்களாம். அதிகாரி அதைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டார்.